பெயரில் ஊர் இல்லாத அணி

2025 மார்ச் 31. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத் தலைநகரான சேக்ரமென்டோவை ஒட்டி ஓடும் ஆற்றின் மேற்குக் கரையில், இரண்டாம் நிலை ஆட்டங்களுக்காகக் கட்டப்பட்ட ஒரு சிறிய அரங்கில், அத்லெட்டிக்ஸ் அணி தனது புதிய வாழ்வைத் தொடங்கியது. எதிரணி சிகாகோ கப்ஸ். அறிவிக்கப்பட்ட பார்வையாளர் எண்ணிக்கை 12,119. ஆட்டம் 18-3 என்ற கணக்கில் தோல்வியில் முடிந்தது.

அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பு, 2024 செப்டம்பர் 26 அன்று, இதே அணி ஓக்லாந்து நகரில் தனது கடைசி ஆட்டத்தை ஆடியது. அன்று அரங்கில் திரண்டவர்கள் 46,889 பேர். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியை 3-2 என்று வென்ற பிறகும் பலர் இருக்கையை விட்டு எழவில்லை. தாத்தாவும் தந்தையும் கைப்பிடித்து அழைத்து வந்த இடத்தை இனிப் பார்க்க முடியாது என்ற துயரம் அவர்களை உட்கார வைத்திருந்தது. 57 ஆண்டுகால உறவு அந்தப் பிற்பகலோடு முடிந்தது.

ஒரு விளையாட்டு அணி ஊர் மாறுவது அமெரிக்காவில் புதிதல்ல. ஆனால், சேக்ரமென்டோவுக்கு வந்த அத்லெட்டிக்ஸ் அணியின் முதல் பருவம் இதுவரை நடந்த இடமாற்றங்களில் எதனோடும் முழுமையாக ஒப்பிட முடியாதது. இந்த அணி வந்ததே மூன்று ஆண்டுகள் தங்கிவிட்டுப் போவதற்காக. 2028இல் லாஸ் வேகாஸ் நகரில் புதிய அரங்கம் தயாரானதும் அங்கே சென்றுவிடும். எனவே, அணியின் பெயருக்கு முன்னால் எந்த ஊரின் பெயரும் இல்லை. சட்டையின் ஒரு தோளில் சேக்ரமென்டோவின் பாலச் சின்னம். மறு தோளில் லாஸ் வேகாஸின் அடையாளம். அழைக்கும்போது வெறும் 'அத்லெட்டிக்ஸ்'. இருக்கும் ஊரைச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளாத ஓர் அணி, அந்த ஊர் மக்களிடமிருந்து எதை எதிர்பார்க்க முடியும்? முதல் பருவம் இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை சொல்லியிருக்கிறது.

நான்காவது வீடு

1901இல் பிலடெல்ஃபியாவில் தோன்றிய அணி இது. கானி மேக் என்பவர் தொடர்ந்து 50 ஆண்டுகள் இதன் மேலாளராக இருந்தார். மேஜர் லீக் வரலாற்றில் வேறெவரும் நெருங்காத சாதனை அது. அங்கே ஐந்து முறை உலகத் தொடர் எனப்படும் வாகையர் பட்டத்தை வென்ற அணி, 1955இல் கான்சஸ் சிட்டிக்கும், 1968இல் ஓக்லாந்துக்கும் இடம்பெயர்ந்தது. ஓக்லாந்தில் 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகளும், பின்னர் 1989இலும் பட்டம் வென்றது. ரிக்கி ஹெண்டர்சன் என்ற ஒப்பற்ற ஓட்டக்காரர் ஓக்லாந்து தெருக்களில் வளர்ந்து, அதே ஊர் அணிக்காக ஆடிப் புகழின் உச்சியைத் தொட்டவர். 2002இல் மிகக் குறைந்த பணத்தில் புள்ளியியல் கணக்குகளின் துணைகொண்டு கட்டப்பட்ட அணி தொடர்ந்து 20 ஆட்டங்களில் வென்றது. அந்தக் கதைதான் 'மணிபால்' என்ற நூலாகவும் திரைப்படமாகவும் உலகெங்கும் பரவியது.

இத்தகைய அணி ஏன் வெளியேறியது? அரங்கம்தான் காரணம் என்று உரிமையாளர் தரப்பு கூறியது. 1966இல் திறக்கப்பட்ட கொலீசியம் பழுதடைந்திருந்தது உண்மை. கழிவுநீர் பொங்கி வீரர்களின் அறைகளுக்குள் புகுந்த நிகழ்வுகள் உண்டு. புதிய அரங்குக்கான முயற்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. சான் ஹோசே நகருக்குச் செல்ல அணி விரும்பியபோது, அந்தப் பகுதியின் உரிமை தங்களுடையது என்று சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணி தடுத்தது. அந்த உரிமையை 1990களின் தொடக்கத்தில் ஜயண்ட்ஸ் அணிக்கு விட்டுக்கொடுத்தவர் அத்லெட்டிக்ஸின் அன்றைய உரிமையாளரே என்பது வரலாற்றின் கசப்பான வேடிக்கை. பின்னர் ஓக்லாந்துத் துறைமுகத்தை ஒட்டி 1,200 கோடி டாலர் மதிப்பில் குடியிருப்புகளும் வணிக வளாகங்களும் அடங்கிய பெருந்திட்டம் பேசப்பட்டது. 2023 ஏப்ரலில், அணி நிர்வாகம் லாஸ் வேகாஸில் நிலம் வாங்க ஒப்பந்தம் செய்ததாக அறிவித்ததோடு அதுவும் முடிந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தற்போதைய உரிமையாளர் ஜான் ஃபிஷர், 'கேப்' ஆடை நிறுவனத்தை நிறுவிய குடும்பத்தைச் சேர்ந்தவர். 2005இல் லூ வுல்ஃப் என்பவருடன் சேர்ந்து சுமார் 18 கோடி டாலருக்கு இந்த அணியை வாங்கினார். இருபது ஆண்டுகளில் அணியின் மதிப்பு பல மடங்கு உயர்ந்துவிட்டது. ஆனால், வளர்த்தெடுத்த வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ள அந்தப் பணம் செலவிடப்படவில்லை. நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள். நுழைவுச்சீட்டு விலை ஏறியது. 2023இல் அணி 112 ஆட்டங்களில் தோற்றது. கூட்டம் குறைந்தது. பிறகு, கூட்டம் வராத ஊர் என்று ஓக்லாந்தின் மீதே பழி போடப்பட்டது.

அந்தப் பழியை ஏற்க மறுத்த ரசிகர்கள் 2023 ஜூன் 13 அன்று புதுமையான போராட்டம் ஒன்றை நடத்தினார்கள். புறக்கணிப்பதற்குப் பதிலாக அரங்கத்தை நிரப்பினார்கள். வழக்கமாகச் சில ஆயிரம் பேரே வரும் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு 27,759 பேர் வந்தார்கள். அணியை விற்றுவிடு என்று உரிமையாளரை நோக்கி ஒரே குரலில் முழங்கினார்கள். அதே நாளில் நெவாடா மாநில மேலவை, லாஸ் வேகாஸ் அரங்கத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப் பணத்தை வழங்கும் மசோதாவை நிறைவேற்றியது. அந்த ஆண்டு நவம்பரில் மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணி உரிமையாளர்களும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு இசைவு தந்தார்கள்.

முதல் பருவத்தின் கணக்கு

லாஸ் வேகாஸ் அரங்கம் தயாராகும்வரை எங்கே ஆடுவது? ஓக்லாந்திலேயே தொடர்வதற்கான பேச்சுவார்த்தை முறிந்தது. சேக்ரமென்டோ கிங்ஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளரும், மும்பையில் பிறந்தவருமான விவேக் ரணதிவே தனது சிறிய அரங்கத்தைத் தர முன்வந்தார். வாடகை இல்லை. வான்வெளித் தொலைவு அதிகமில்லை என்பதால், வடக்கு கலிபோர்னியாவுக்கான தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் வருவாயையும் தக்கவைத்துக்கொள்ளலாம். 2024 ஏப்ரலில் முடிவு அறிவிக்கப்பட்டது.

களத்தில் கிடைத்த பலன் மோசமில்லை. முந்தைய ஆண்டு 69 வெற்றிகள் பெற்ற அணி, 2025இல் 76 ஆட்டங்களில் வென்று 86இல் தோற்றது. ஐந்து அணிகள் கொண்ட தனது பிரிவில் நான்காம் இடம். மே மாதத்தில் தொடர்ந்து 11 தோல்விகள் என்ற சரிவு மட்டும் நேராதிருந்தால் நிலை இன்னும் மேம்பட்டிருக்கும். நிக் கர்ட்ஸ் என்ற அறிமுக வீரர், ஜூலை 25 அன்று ஹூஸ்டனில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்கள் அடித்தார். அறிமுகப் பருவத்தில் ஆடும் ஒருவர் இதைச் சாதித்தது மேஜர் லீக் வரலாற்றில் அதுவே முதல்முறை. நவம்பரில் அவர் அமெரிக்க லீகின் சிறந்த அறிமுக வீரராக ஒருமனதாகத் தேர்வு செய்யப்பட்டார். ஜேக்கப் வில்சன் என்ற மற்றோர் அறிமுக வீரர் .311 என்ற மட்டையடிச் சராசரியுடன் நட்சத்திர ஆட்டத்தின் தொடக்க வரிசையில் இடம்பெற்றார்.

பணமும் ஓரளவு செலவிடப்பட்டது. பந்து வீச்சாளர் லூயிஸ் செவரினோவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6.7 கோடி டாலர். அணியின் வரலாற்றில் அதுவரை அதுவே ஆகப் பெரிய ஒப்பந்தம். பிரென்ட் ரூக்கர், லாரன்ஸ் பட்லர் ஆகியோரும் நீண்டகால ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார்கள். ஓக்லாந்து ரசிகர்கள் இருபது ஆண்டுகள் கேட்டுக் கிடைக்காதது, அணி ஊரைவிட்டுப் போன மறுகணமே நடந்தது. பிற அணிகள் பகிர்ந்தளிக்கும் வருவாயைப் பெறும் அணி, அதற்கேற்ப வீரர்களுக்கும் செலவிட்டாக வேண்டும் என்ற நெருக்கடியும் இதற்கு ஒரு காரணம்.

ஆனால், எண்கள் வேறொன்றையும் சொல்கின்றன. அணி வெளியூர்களில் ஆடிய 81 ஆட்டங்களில் 40ஐ வென்றது. சொந்த அரங்கில் ஆடிய 81இல் 36ஐ மட்டுமே வென்றது. பேஸ்பாலில் சொந்த மண் என்பது பெரும்பாலும் துணைநிற்கும். இங்கே அது பாரமாக இருந்தது. உடைமாற்றும் அறை இடப்புற எல்லைக்கு அப்பால் தனிக் கட்டடத்தில் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே அங்கே சென்று பயிற்சிப் பதிவுகளைப் பார்த்து வர வழியில்லை. கோடையில் கொளுத்தும் வெயில். இரண்டு அணிகள் பகிர்ந்து ஆடும் தரை என்பதால் செயற்கைப் புல் விரிக்கத்தான் முதலில் திட்டமிட்டார்கள். வெப்பம் தாங்காது என்ற அச்சத்தால் இயற்கைப் புல்லுக்கு மாறினார்கள். பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஆடுவது போலிருக்கிறது என்று அணியிலேயே அதிக ஊதியம் பெறும் செவரினோ வெளிப்படையாகச் சலித்துக்கொண்டார். வெளியூர்களில் அவரது பந்துவீச்சு மிகச் சிறப்பாக இருந்தது. சொந்த அரங்கில் தடுமாறியது.

பருவம் முழுவதிலும் வந்த பார்வையாளர்கள் 7,68,464 பேர். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 9,487. முப்பது அணிகளில் இதுவே கடைசி இடம். புயலால் சேதமடைந்த தனது அரங்கை விட்டு, பயிற்சி முகாம் மைதானத்தில் ஒரு பருவத்தைக் கழித்த டாம்பா பே அணிகூடச் சற்றே மேல். சுமார் 14,000 பேரே அமரக்கூடிய அரங்கில் இதைவிட அதிகம் எதிர்பார்க்க முடியாது என்று வாதிடலாம். ஆனால், அந்தச் சிறிய அரங்கும் மூன்றில் இரண்டு பங்குதான் நிறைந்தது. ஓக்லாந்து மக்கள் மனம் வெறுத்திருந்த 2023ஆம் ஆண்டிலும் கொலீசியத்துக்கு 8.32 லட்சம் பேர் வந்திருந்தார்கள் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முன்னர் பெயர்ந்த அணிகள்

இடம்பெயர்ந்த அணிகளின் முதல் பருவம் பொதுவாக ஒரு திருவிழாவாக இருக்கும். 1953இல் பாஸ்டனிலிருந்து மில்வாக்கிக்குச் சென்ற பிரேவ்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். முந்தைய ஆண்டு பாஸ்டனில் 2,81,278 பேர் மட்டுமே பார்த்த அந்த அணியை, மில்வாக்கியில் முதல் ஆண்டிலேயே 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். நேஷனல் லீகில் அதுவரை எந்த அணியும் காணாத கூட்டம் அது. இடமாற்றம் என்பது பணம் கொழிக்கும் வழி என்று மற்ற உரிமையாளர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் அந்தப் பருவம்தான்.

அந்தப் பாடத்தை நன்கு படித்தவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் உரிமையாளர் வால்டர் ஓமாலி. 1957இல் பத்து லட்சம் பேர் வந்து பார்த்த அணியை அவர் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டு சென்றார். 1958இல் அங்கே நடந்த முதல் ஆட்டத்துக்கு 78,672 பேர் திரண்டார்கள். அந்த அரங்கமும் தற்காலிகமானதே. ஒலிம்பிக் ஓட்டப்பந்தயங்கள் நடந்த இடம் அது. பேஸ்பாலுக்குச் சற்றும் பொருந்தாதது. இடப்புற எல்லை 250 அடியிலேயே முடிந்துவிடும் என்பதால் உயரமான வலை கட்டி ஆடினார்கள். எட்டு அணிகளில் ஏழாம் இடம்தான் கிடைத்தது. இருந்தும் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். மறு ஆண்டே அணி உலகத் தொடரை வென்றது.

2005இல் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணி வாஷிங்டனுக்கு வந்து நேஷனல்ஸ் என்று பெயர் மாறியது. 33 பருவங்கள் பேஸ்பால் இல்லாமல் காத்திருந்த தலைநகரம், பழைய ஆர்எஃப்கே அரங்கில் அந்த ஆண்டு 27 லட்சத்துக்கும் அதிகமானோரைத் திரட்டியது. அணி 81 வெற்றி, 81 தோல்வி என்று சரிபாதியாக முடித்தது. 2019இல் உலகத் தொடரையும் வென்றது.

அத்லெட்டிக்ஸ் அணியின் சொந்த வரலாறும் இதையே சொல்கிறது. கான்சஸ் சிட்டியில் 1955இல் 63 ஆட்டங்களை மட்டுமே வென்றபோதும் ஏறத்தாழ 14 லட்சம் பேர் வந்தார்கள். ஓக்லாந்தின் தொடக்கம் அத்தனை ஆரவாரமானதல்ல. 1968 மே 8 அன்று 'கேட்ஃபிஷ்' ஹன்டர், எதிரணியின் 27 பேரில் ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்டவிடாமல் வீழ்த்தும் அரிய சாதனையை நிகழ்த்தியபோது, அரங்கில் இருந்தவர்கள் 6,298 பேர் மட்டுமே. அந்தச் சிறு கூட்டம் தொடர்ந்து வந்தது, பெருகியது, ஒரு தலைமுறைக்குள் அணி ஊரின் அடையாளமாகவே மாறிப்போனது.

இவற்றிலிருந்து தெளிவாவது ஒன்றுதான். அரங்கம் சிறியதா, பொருந்தாததா, அணி தோற்கிறதா என்பதெல்லாம் முதல் பருவத்தில் மக்களுக்கு இரண்டாம்பட்சம். இந்த அணி இனி நம்முடையது என்ற நம்பிக்கைதான் அவர்களை வரவழைக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் மக்கள் தற்காலிக அரங்கை ஏற்றுக்கொண்டார்கள். ஏனெனில், அவர்களது அணி தற்காலிகமானதல்ல. சேக்ரமென்டோவில் அரங்கமும் தற்காலிகம், அணியும் தற்காலிகம். பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கித் தரும் தந்தை, மூன்றாண்டு கழித்து அந்த அணி எங்கே இருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியுமா?

சேக்ரமென்டோ ஏன் ஒப்புக்கொண்டது?

இதில் மனத்தைத் தைக்கும் முரண் ஒன்று உண்டு. 2013இல் சேக்ரமென்டோ நகரமே தனது கூடைப்பந்து அணியை இழக்கும் விளிம்பில் நின்றது. கிங்ஸ் அணியை சியாட்டிலுக்குக் கொண்டு செல்ல எல்லா ஏற்பாடுகளும் நடந்துகொண்டிருந்தன. நகர மக்களும் நிர்வாகமும் போராடினார்கள். ரணதிவே தலைமையிலான குழு அணியை வாங்கி ஊரிலேயே நிறுத்தியது. அணியை இழப்பது என்னவென்று அறிந்த ஊர், இன்னோர் ஊர் இழந்த அணிக்கு இடம் கொடுத்திருக்கிறது.

அந்த நகரத்தைக் குறைகூறுவது நியாயமாகாது. மேஜர் லீக் வருங்காலத்தில் இரண்டு புதிய அணிகளைச் சேர்க்கும் என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. அவற்றில் ஒன்று தங்களுக்குக் கிடைக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் சேக்ரமென்டோ இந்த மூன்றாண்டு விருந்தாளியை ஏற்றுக்கொண்டது. ஆனால், இந்தத் தேர்வே கோணலானது. அந்த அரங்கத்தின் நிலையான அணி ரிவர் கேட்ஸ். 2000 முதல் 2014 வரை அத்லெட்டிக்ஸின் துணை அணியாக இருந்த அது, 2015 முதல் ஜயண்ட்ஸ் அணியின் துணை அணி. பத்தாண்டுகளாக ஜயண்ட்ஸின் இளம் வீரர்களைக் கைதட்டி வளர்த்த ஊரில், அந்த அணியின் பக்கத்து ஊர்ப் போட்டியாளரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கூட்டம் எவ்வளவு வருகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொள்ளவும் அணி மறுத்துவிட்டது. இந்த நிலையில் காலியாகக் கிடக்கும் இருக்கைகளைக் காட்டி, சேக்ரமென்டோ பெரிய லீகுக்குத் தகுதியற்றது என்று நாளை யாராவது சொன்னால், அது ஓக்லாந்துக்கு இழைத்த அநீதியின் மறுபதிப்பாகவே இருக்கும்.

ஆட்டத்துக்கு அப்பால்

இவையெல்லாம் ஓர் உரிமையாளரின் தனிப்பட்ட பேராசையால் மட்டும் நிகழ்பவை அல்ல. அமைப்பே அவ்வாறு உருவாக்கப்பட்டிருக்கிறது. 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் அல்ல என்று கூறி, ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்களித்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விலக்கின் பெரும்பகுதி நீடிக்கிறது. அணிகளின் எண்ணிக்கையை முப்பது என்று நிறுத்திவைத்திருப்பவர்கள் அந்த முப்பது உரிமையாளர்களே. அணி வேண்டும் என்று ஏங்கும் நகரங்கள் எப்போதும் முப்பதைவிட அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அந்த இடைவெளிதான் அவர்களது பேர வலிமை. அரங்கம் கட்டித் தருகிறாயா, அடுத்த ஊருக்குப் போகட்டுமா என்று கேட்பதற்கு, அடுத்த ஊர் ஒன்று எப்போதும் காத்திருக்க வேண்டும் அல்லவா?

லாஸ் வேகாஸிலும் அதுதான் நடந்தது. 38 கோடி டாலர் பொதுப் பணத்தைத் தருவதற்கு நெவாடா மாநில ஆசிரியர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. பள்ளிகளுக்கு இல்லாத பணம் பந்தாட்டத்துக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டது. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தக் கோரிய மனு, வாசகங்களில் குறை இருப்பதாக 2024இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தால் நிராகரிக்கப்பட்டது. அரங்கத்துக்குச் செலவிடும் பொதுப் பணம் வேலைவாய்ப்பாகவும் வரி வருவாயாகவும் திரும்பி வந்துவிடும் என்ற வாக்குறுதியை, இத்துறையை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. பந்தாட்டத்துக்குச் செலவிடும் பணத்தை மக்கள் திரைப்படத்துக்கோ உணவகத்துக்கோ எப்படியும் செலவிட்டிருப்பார்கள். ஊரின் மொத்தச் செலவு பெரிதாகக் கூடிவிடுவதில்லை என்பது அவர்களது வாதம்.

2025 ஜூன் 23 அன்று லாஸ் வேகாஸில், இடிக்கப்பட்ட டிராபிகானா விடுதி இருந்த ஒன்பது ஏக்கர் நிலத்தில் பூமி பூஜைக்கு ஒப்பான விழா நடந்தது. 33,000 பேர் அமரும் அரங்கம். 175 கோடி டாலர் என்று சொல்லப்பட்டுவந்த செலவு ஏறக்குறைய 200 கோடியை எட்டியிருக்கிறது. கடலோர நகரங்களைப் போலன்றி, லாஸ் வேகாஸ் சுற்றுலாப் பயணிகளால் வாழும் ஊர். அரங்கில் அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் உள்ளூர்க்காரர்களாக இருப்பார்கள், எத்தனை பேர் எதிரணியைப் பின்தொடர்ந்து விடுமுறைக்கு வந்தவர்களாக இருப்பார்கள் என்ற கேள்வி இன்னும் எஞ்சியிருக்கிறது.

ஓக்லாந்தில் என்ன ஆயிற்று? 2019இல் வாரியர்ஸ் கூடைப்பந்து அணி வளைகுடாவைக் கடந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சென்றது. 2020இல் ரெய்டர்ஸ் கால்பந்து அணி லாஸ் வேகாஸுக்குச் சென்றது. 2024இல் அத்லெட்டிக்ஸும் போனதும், ஒரு காலத்தில் மூன்று பெரிய அணிகள் இருந்த ஊரில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உழைக்கும் மக்களும் கறுப்பின மக்களும் நிறைந்த அந்த ஊருக்கு, பக்கத்திலேயே செல்வம் குவிந்த சான் ஃபிரான்சிஸ்கோவின் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க அணிகள் ஒரு காரணமாக இருந்தன. அரங்கில் உணவு விற்றவர்கள், சீட்டு கிழித்தவர்கள், வாயிலில் காவல் நின்றவர்கள் ஆகியோரின் வேலைகளும் அணியோடு போயின. அவற்றை எந்த இடமாற்ற ஒப்பந்தமும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆயினும், அவ்வூர் மக்கள் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. பாலர்ஸ் என்ற புதிய அணியைச் சிறிய லீக் ஒன்றில் தொடங்கினார்கள். ரைமாண்டி பூங்காவைச் செப்பனிட்டு அரங்கமாக்கினார்கள். அணியின் பங்குகளில் ஒரு பகுதியை ரசிகர்களே வாங்கவும் வழிசெய்தார்கள். 2024இல் ஆடத் தொடங்கிய அந்த அணி, இரண்டாவது ஆண்டான 2025இல் தனது லீகின் வாகையர் பட்டத்தை வென்றது. அத்லெட்டிக்ஸ் அணி ஊரற்றுத் திரிந்த அதே பருவத்தில், அணியற்றுப்போன ஊர் தனக்கென ஒன்றை உருவாக்கிக்கொண்டது.

நமக்கும் ஒரு பாடம்

இந்தியாவில் 2008இல் தொடங்கிய ஐபிஎல், அமெரிக்க லீகுகளின் உரிமைமுறையைப் பின்பற்றி அமைக்கப்பட்டதே. அந்த மாதிரியின் பலன்களோடு அதன் நிலையாமையும் நம்மிடம் வந்தது. கொச்சிக்கு ஓர் அணி 2011இல் ஒரே ஒரு பருவம் இருந்தது, பிறகு இல்லாமலானது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கென்றே புணேவில் ஓர் அணி உருவாகிக் கலைந்தது. அணி என்பது யாருடைய சொத்து என்ற கேள்வியை நாம் இன்னும் உரக்கக் கேட்கத் தொடங்கவில்லை. பிற விளையாட்டுகளுக்கும் இதே முறை பரவிவரும் காலத்தில் கேட்டாக வேண்டும்.

தீர்வுகள் இல்லாமலில்லை. அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே பாக்கர்ஸ் அணி, பல லட்சம் பங்குதாரர்களான பொதுமக்களுக்குச் சொந்தமானது. பெருநகரம் அல்லாத அந்தச் சிற்றூரிலிருந்து அணியை யாரும் பெயர்த்துச் செல்ல முடியாமல் இருப்பதற்கு அதுவே காரணம். எல்லா அணிகளையும் அப்படி மாற்றுவது நடக்காது. ஆனால், பொதுப் பணத்தில் அரங்கம் கட்டப்படுமானால், அதற்கு ஈடாக அணியில் ஒரு பங்கை ஊர் கேட்கலாம். வெளியேறுவதற்கு முன் உள்ளூர் மக்களுக்கு அணியை வாங்கும் முதல் வாய்ப்பைத் தர வேண்டும் என்று சட்டம் இயற்றலாம். பெயர், வண்ணம், வரலாறு ஆகியவை ஊருக்கே உரியவை என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். 1996இல் பிரௌன்ஸ் கால்பந்து அணி கிளீவ்லாந்தை விட்டு பால்டிமோருக்குச் சென்றபோது, பெயரும் வண்ணங்களும் சாதனைக் குறிப்புகளும் கிளீவ்லாந்திலேயே தங்கின; 1999இல் புதிய அணி அதே பெயரில் அங்கே ஆடத் தொடங்கியது. இது நடக்கக்கூடியது என்பதற்கு அந்த முன்னுதாரணம் போதும்.

சேக்ரமென்டோவில் இன்னும் இரண்டு பருவங்கள் பாக்கி இருக்கின்றன. 2026 ஜூனில் சில ஆட்டங்களை அணி லாஸ் வேகாஸில் ஆடவிருக்கிறது; அதாவது, தங்கியிருக்கும் வீட்டில்கூட முழுமையாகத் தங்கப்போவதில்லை. கர்ட்ஸும் வில்சனும் ரூக்கரும் முதிர்ந்து, இந்த அணி நிறைய வெற்றிகளைக் குவிக்கக்கூடும். அப்போது கூட்டமும் கூடும். நல்ல ஆட்டத்தைக் கைதட்டி வரவேற்க எந்த ஊரும் தயங்குவதில்லை.

ஆனால், கைதட்டுவது வேறு. சொந்தம் கொண்டாடுவது வேறு. ஓர் அணியைத் தோல்வியிலும் கைவிடாமல் இருக்கச் செய்வது இரண்டாவதுதான். ஓக்லாந்து ரசிகர்கள் கடைசி நாளில் ஆட்டம் முடிந்தும் எழாமல் இருந்ததற்குக் காரணம் அன்றைய வெற்றி அல்ல. அந்த உறவுக்கு எந்த உரிமையாளரும் விலை குறித்ததில்லை, குறிக்கவும் முடியாது. விலை குறிக்க முடியாததை இலவசமாக எடுத்துச் சென்றுவிடலாம் என்று நினைத்தார்கள். முதல் பருவத்தில் வெறுமையாக இருந்த இருக்கைகள், அது அவர்களோடு வரவில்லை என்பதைச் சொல்லிவிட்டன.